வெடிமருந்து டப்பாவில் திருநீறு

எங்கள் சமையலறையில் இப்போது உப்பு பாட்டிலில்கூட ‘உப்பு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் மகள் வள்ளி. திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகையில் நான் வளர்ந்த வீட்டில் இப்படி எதற்கும் பெயர் கிடையாது. காப்பி பாட்டிலில் பெருங்காயம் இருக்கும், பிஸ்கட் டின்னில் ஊசி நூல் இருக்கும், யாரும் ஏமாந்ததில்லை. மூடியைத் திறந்து மோந்தால் தெரிந்துவிடும். டெக்சாஸுக்கு வந்தும் அப்படியேதான் குடித்தனம் நடத்தினோம், போன மாதம் வரை.

வள்ளிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைகளில் ரிவால்வர் எடுத்துக்கொண்டு குறி பார்த்துச் சுடும் கிளப்புக்குப் போகிறாள். எங்கள் ஊரில் துப்பாக்கி என்றால் பேங்க் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பவர் மடியில் இருப்பது ஒன்றுதான். அதுவும் வெடிக்குமா என்பதில் எங்களுக்குச் சந்தேகம் உண்டு. இங்கே என் மகளே சுடுகிறாள் என்பதைச் செரித்துக்கொள்வதற்குள் அடுத்தது வந்தது. கடையில் விற்கும் தோட்டா அவள் மணிக்கட்டை உலுக்கி எடுக்கிறதாம். அதனால் மெதுவாக உதைக்கும் தோட்டாவை அவளே கராஜில் தயார் செய்யப்போகிறாளாம். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அளந்து வெடிமருந்து போட்டு, மேலே ஈயக்குண்டு வைத்து அழுத்த வேண்டுமாம். தடுக்க முடியாது என்று தெரிந்ததும் நானும் கடைக்குக் கூடவே போனேன். தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்துகொண்டு பயப்படலாம் என்று நினைத்தேன்.

கடைக்காரர் நெஞ்சு வரை தாடி வைத்த பெரியவர். அலமாரி நிறைய விதவிதமான வெடிமருந்து. தன்னிடம் இருக்கும் சின்ன ரிவால்வர், பெரிய ரிவால்வர் இரண்டுக்கும் மெதுவாக உதைக்கும் தோட்டா செய்ய ஒரே மருந்து வேண்டும் என்றாள் வள்ளி. இது எனக்கு உடனே புரிந்தது. சாம்பாருக்கு, கறிக்கு, வறுவலுக்கு எல்லாவற்றுக்கும் நாங்கள் போடுவது ஒரே குழம்பு மிளகாய்த்தூள்தானே. அவர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்று துளி போட்டால் போதும், வெகு நாள் வரும். ஆனால் கூட்டுக்குள் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும் என்பதால், மறதியில் இரண்டாம் முறை விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சுடும்போது ரிவால்வரே கையில் சிதறலாம். இன்னொன்று அவல் மாதிரி லேசான செதில். சீக்கிரம் தீரும். ஆனால் கூட்டை நன்றாக அடைத்துக்கொள்ளும், இரண்டாம் முறை விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக, சீக்கிரம் தீர்வதைப் பார்த்து இதுதான் வேண்டும் என்று கைகாட்டினேன்.

கை நடுங்கினால் என்ன ஆகும் என்று வள்ளியை நினைத்துக் கேட்டேன். சுடப்போவது நான்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். என் மணிக்கட்டைப் பார்த்து, வயது ஒரு தடையே இல்லை என்று தைரியம் சொல்லி, வெடிச் சத்தம் தாக்காமல் காதில் மாட்ட ரோஸ் கலர் மூடி ஒன்றையும் காட்டினார். வள்ளி திருத்தவில்லை. வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது அவர் என்னிடம் அழுத்திச் சொன்னது ஒன்று: மருந்தை அதன் டப்பாவிலிருந்து வேறெதிலும் மாற்றாதே, மாற்றினால் பிறகு அதை நம்பாதே. நான் தலையாட்டினேன். அதைக் கேட்டிருக்க வேண்டிய என் கணவர் காரில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

அவர் ஆர்.கே.பேட்டைக்காரர். நல்ல மூடி போட்ட எதையும் தூக்கிப்போடாதவர். அவருடைய அக்கா திருத்தணி மலைக்கோயில் திருநீற்றை நிறைய கொடுத்தனுப்பியிருந்தார். பொட்டலத்தில் இருந்தால் கட்டி தட்டிவிடும் என்று அகலவாய் டப்பா தேடி வீடெல்லாம் அலைந்துகொண்டிருந்தார்.

மறு ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் பால் ஏறியிருந்தது. காப்பி பாட்டிலைத் திறந்து ஸ்பூனை விட்டேன். காப்பி வாசனை வரவில்லை. நகப்பூச்சு மாதிரி ஒரு நெடி வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. அதே நேரம் கராஜிலிருந்து வள்ளியின் குரல் வந்தது.

“நைனா, மேஜ மேல இருந்த டப்பா எங்க?”

“சாமி ரூம்ல கீதும்மா.”

விளக்குக்கு முன்னால் வெடிமருந்து. அவள் ஓடிப்போய் அதை வாரிக்கொண்டு முற்றத்துக்குப் போய்த் திறந்தாள். உள்ளே நிறையத் திருநீறு.

“இதுல இருந்தது?”

“காலியா இருந்த காப்பி பாட்டில்ல பத்திரமா போட்டு வச்சிக்கீறேன். ஒரு சிட்டிக கூட சிந்தல.”

வள்ளி என் அருகே வந்து முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு என் கையிலிருந்த ஸ்பூனை, தூங்கும் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினாள். பாட்டிலும் ஸ்பூனும் வெளியே போன பிறகுதான் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தேன்.

தன் கையால் கொட்டியதுதானே, அப்படியே திருப்பிக் கொட்டிவிட்டால் ஆயிற்று என்று அவர் வாதாடினார்.

“டப்பா மாறிட்டா அது யாருன்னு நமக்குத் தெரியாது நைனா,” என்றாள் வள்ளி.

கடைக்காரரைக் கேட்டு, மருந்தைப் புல்தரையில் மெலிதாகத் தூவினாள். மருந்து ஒட்டிய திருநீற்றை இனி நெற்றியில் வைக்க முடியாது, ஆனால் அப்படிக் கண்ட இடத்தில் போட முடியுமா? கால் படாத வேலியோரச் செடிகளின் அடியில் அவர் வாய்க்குள் முருகனை அழைத்தபடி போட்டார். பக்கத்து வீட்டுக்காரர், இரண்டு பேரும் எருப் போடுகிறார்கள் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இத்தோடு விட்டுவிடுவாள் என்று நான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை புது டப்பா வந்தது, கூடவே கராஜ் அலமாரிக்குப் பூட்டும். “நீ கடையில கைகாட்டின அதேதாம்மா,” என்றாள். கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்குப் பெருமையாக இருந்ததை யாரிடம் சொல்ல?

பழைய டப்பாதான் மிச்சம். கழுவியாயிற்று. கராஜுக்குள் விடமாட்டேன் என்கிறாள் வள்ளி, சமையலறைக்குள் நான் விடமாட்டேன். குப்பையில் போட அவருக்கு மனசு வரவில்லை. வரும்போது கொண்டாங்க, மிளகாய்த்தூளுக்கு ஆகும் என்கிறார் நாத்தனார் போனில். மேலே அச்சடித்திருக்கும் பெயரோடு அதை எந்த ஏர்போர்ட் வழியாகக் கொண்டுபோவது? கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் படியில் கவிழ்ந்து கிடக்கிறது. காலில் இடறும்போதெல்லாம் எடுத்து மோந்து பார்க்கிறேன். சில நாள் நகப்பூச்சு நெடி அடிக்கிறது, சில நாள் எங்கள் மலைக்கோயில் வாசனை வருகிறது.