கடல் பக்கம் தெரிந்த பிறை

எங்கள் வீட்டில் எனக்கு "சீஐடி" என்று பெயர் விழுந்தது ஒரு நோன்பு விடுமுறையில்தான். அந்த விடுமுறையில் எங்கள் பாடசாலையின் கணினிக் கூடத்தில் காலை நேர வகுப்பொன்று நடந்தது. போனில் படம் எடுப்பது, வீடியோவை வெட்டி ஒட்டுவது, இணையத்தில் பொறுப்பாக நடந்துகொள்வது எல்லாம் சொல்லித் தந்தார்கள். எட்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த நான் முதல் இரண்டையும் ஆசையாகப் படித்தேன். மூன்றாவது தலைக்கேறிவிட்டது. வாப்பாவின் கடவுச்சொல் அவருடைய மோட்டார் சைக்கிள் இலக்கம்தான் என்று கண்டுபிடித்து மாற்ற வைத்தேன். இதை இத்தனை பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்ற வகைத் தகவல்களை வாப்பாவின் தம்பி மனைவியான சாச்சி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். நான் அதன் கீழேயே அது பொய் என்று விளக்கம் எழுதுவேன். சாச்சி அக்கரைப்பற்றில் இருந்துகொண்டு குரல் பதிவில் என்னை ஏசுவார்.

என்னிடம் மனமொப்பிப் படிக்க வந்தவர் மாமா மட்டும்தான். அவர் உம்மாவின் தம்பி. சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் மௌத்தாகிவிட, உம்மா கலியாணம் முடித்த கையோடு அவரையும் தன்னுடனேயே வைத்து வளர்த்தார். எனக்கு அவர் மாமா என்பதைவிடக் கூடப்பிறந்த மூத்த காக்கா போலத்தான். மீன்பிடிக்கக் கரைவலைக்குப் போவார், வெள்ளாமைக் காலத்தில் வயலுக்குப் போவார், இரண்டும் இல்லாத நாளில் உம்மாவிடம் ஏச்சு வாங்குவார். அந்த வருடம் அவருக்குக் கட்டாரில் வேலை சரிவந்திருந்தது. போனால் இரண்டு வருடத்துக்குத் திரும்பி வர முடியாது.

டிக்கட் போட்டவர்கள் பெருநாளைப் பார்த்துப் போடவில்லை. இருபத்தொன்பது நோன்போடு மாதம் முடிந்தால், மாமா மறுநாள் காலை கடற்கரைத் திடலில் எங்களோடு பெருநாள் தொழுது, உம்மாவின் கையால் சாப்பிட்டு, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேன் ஏறலாம். பிறை தெரியாமல் முப்பது ஆகிவிட்டால் நோன்போடு வேன் ஏற வேண்டும். அவருடைய பெருநாள் விமானத்திலும் வேலைக்காரர் முகாமிலும் கழியும். உம்மா அந்த மாதம் முழுவதும் தொழுகைப் பாயில் கூடுதல் நேரம் இருந்து எதைக் கேட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாமாவுக்கு நான் படம் எடுக்கப் பழக்கினேன். அங்கிருந்து உம்மாவுக்குப் படம் அனுப்ப வேண்டும் அல்லவா. அவர் எடுக்கும் படங்களில் கடல் எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். "மாமா, தண்ணியெல்லாம் கொட்டுண்டு போகுது" என்பேன். வகுப்பெடுத்த மிஸ் எங்களுக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். கடலும் வானமும் சேரும் கோடு நேராக இருக்க வேண்டும், தோணியை நட்டநடுவில் வைக்காமல் ஓரத்தில் வைக்க வேண்டும். "ஓம் டீச்சர்" என்பார். சுபஹு தொழுதுவிட்டு விடியுமுன்னே கடற்கரைக்குப் போய் எடுத்துப் பழகினார்.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் உம்மாவும் நானும் பிறை பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினோம். வயல் பக்கம் முழுவதும் முகில் மூடிக் கிடந்தது. உம்மா கீழே இறங்கினார். அப்போதுதான் குடும்பக் குழுவில் மாமாவின் பெயரில் ஒரு படம் வந்து விழுந்தது. கடலுக்கு மேலே மெல்லிய பிறை, ஓரத்தில் ஒரு தோணி. கீழே, "கல்முனைக் கடற்கரையில் பிறை கண்டாச்சு. நாளைக்குப் பெருநாள்" என்று எழுதியிருந்தது.

உம்மா என் கையிலிருந்த போனை வாங்கி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தேங்காய எடுத்து வை மகள், பெருநாளைக்கு வட்டிலப்பம் அவிக்கணும்" என்றார். அவ்வளவுதான், வீடே மாறிவிட்டது. உம்மா குசினிக்கும் அறைக்குமாக ஓடினார். மாமாவின் புதுச் சாறனை எடுத்துக் கதிரையில் போட்டார். பழைய பெருநாள் கதைகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொல்லித் தானே சிரித்தார். அந்த மாதத்தில் உம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் நான் சீஐடி. வந்த செய்தியை வந்தபடி நம்பக் கூடாது என்று படித்தவள். முதலில், பலர் கைமாறி வந்த செய்தியில் இருக்கும் அம்புக்குறியைத் தேடினேன். அது இல்லை. அம்புக்குறி இல்லாவிட்டால் பெரும்பாலும் அனுப்பியவரே உண்டாக்கியது என்று மிஸ் சொல்லியிருந்தார். மாமா பொய் சொல்லும் ஆள் இல்லை, யாரோ அவரை வேறு வழியில் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அந்தக் குறிப்பைத் தள்ளிவிட்டேன். இரண்டாவதாகப் படத்தில் உள்ள இடத்தைப் பார்த்தேன். பார்த்த உடனே பிடிபட்டுவிட்டது.

அதற்குள் சாச்சி, இதைத் தங்கள் பள்ளிவாசல் குழுவிலும் போடட்டுமா என்று கேட்டு எழுதிவிட்டார். இனித் தாமதிக்க முடியாது என்று குசினிக்கு ஓடினேன். உம்மா தேங்காய் திருவத் திருவலையில் இருந்தார். மாமாவும் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்று உம்மாவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உம்மா, இது பொய்ப் படம். நம்மட கடல் கிழக்கால. தலைப்பிறை மேற்கால, வயல் பக்கந்தானே தெரியும்? இது விடியக்குள்ள எழும்புற தேய்பிறை. மாமாவ யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க" என்றேன்.

திருவுகிற சத்தம் நின்றது. உம்மா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். "ஓம் மகள், நீ செல்றது சரிதான்" என்றார் மாமா. "இன்னம் கொஞ்சத்தால ரேடியோவுல செல்லத்தானே போறாங்க புள்ள" என்றார் உம்மா. அதில் கோபம் இருக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு அதுவல்ல என்று பட்டது.

ஆதாரத்துக்குத் திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டேன். பிறகு மாமாவின் போனை வாங்கி, எல்லோருக்கும் அழிவதுபோல் அந்தச் செய்தியை எப்படி அழிப்பது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். என்னிடம் அவர் கற்ற கடைசிப் பாடம் அதுதான். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு வானொலியில் அறிவித்தார்கள். பிறை தென்படவில்லை, நோன்பு முப்பது.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பியபோது பாயில் பெருநாள் சாப்பாடு இருந்தது. வட்டிலப்பம், இடியப்பம், இறைச்சி ஆணம். மாமா அந்தப் புதுச் சாறனை உடுத்திருந்தார். "இண்டைக்குப் பெருநாள் இல்லையே" என்று நான் உண்மையை எடுத்துச் சொன்னேன். உம்மா என் கோப்பையில் இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தார். அன்று அஸருக்குப் பிறகு மாமா போய்விட்டார்.

விடுமுறை முடியுமுன் கடைசி வகுப்பில் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டு விளக்கினேன். அனுப்பியவரின் பெயரைக் கறுப்பாக்கியிருந்தேன், அதுவும் படித்த விதிதான். எல்லோரும் கைதட்டினார்கள். மிஸ் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எடுத்தவருக்கு யாரோ நல்லாப் பழக்கியிரிக்காங்க. கடல் எவ்வளவு நேரா நிக்கிது பாருங்க. தோணியும் ஓரத்துல" என்றார்.

என் கண்டுபிடிப்பு அன்றும் சரி, இன்றும் சரி. பொய்ச் செய்தி அக்கரைப்பற்றுக்குப் போகாமல் தடுத்தேன், அதில் எனக்கு மறு பேச்சில்லை. ஆனால் மாமா அந்தக் கடலிலும் அந்த வயலிலும் பாடுபட்டவர். உம்மா வருடம் தவறாமல் வயல் பக்கம் பார்த்துப் பிறை கண்டவர். அவர்களுக்குத் திசை சொல்லிக் கொடுக்க நான் தேவையில்லை. வானொலி சொல்லும்வரை ஒரு மணித்தியாலமாவது இருந்திருக்கும். அந்த ஒரு மணித்தியாலப் பெருநாளைத்தான் தம்பி தன் ராத்தாவான என் உம்மாவுக்கு அனுப்பியிருந்தார், ராத்தாவும் தெரிந்தே வாங்கிக்கொண்டார்.

"இதை எடுத்தது யாரு?" என்று அந்த வகுப்பில் மிஸ் கேட்டார்.

தெரியாது என்றேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே தெரியாது.