கூடை தூக்குகிறவனுக்குத்தான் பூட்ஸ்

முழங்கால் வரை வரும் கறுப்பு ரப்பர் பூட்ஸ் எங்கள் வீட்டில் ஒரு ஜோடிதான் இருந்தது. மலேசியாவில் பெக்கான் நானாஸ் என்ற ஊரில் அப்பாவுக்கு அன்னாசிக் காட்டில் வேலை. பள்ளி இல்லாத நாட்களில் அக்காவும் நானும் கூடப் போவோம். அப்பா வெட்டிப் போடும் பழங்களை அக்கா பொறுக்கிக் கூடையில் போடுவாள். நான் முதுகில் சுமந்து பாதைக்குக் கொண்டுவருவேன். அந்த மண் பஞ்சு மாதிரி, பாரம் ஏறினால் கால் இறங்கிவிடும். அதனால் கூடை தூக்குகிறவனுக்குத்தான் பூட்ஸ். எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. "நீ தூக்குடா, நான் முன்னால போறேன்" என்று ரம்பம் போன்ற இலைகளை விலக்கிக்கொண்டு வெறும் செலிப்பர் செருப்போடு நடப்பாள்.

அந்தக் கூடையை வைத்தே இத்தனை காலம் பிழைத்துவிட்டேன். படிப்பைப் பாதியில் விட்டவன். லாபிஸில் செம்பனைத் தோட்டம், குளுவாங் சந்தையில் லாரி, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக இல்லை. புது முதலாளி யாராவது கேட்டால், "ஒன்பது வயசுல அன்னாசி சுமந்தவன், எதையும் தாங்குவேன்" என்பேன். நானும் அதை நம்பினேன்.

போன மாதம் இன்னொரு வேலையை விட்டுவிட்டுக் குளுவாங்கில் அக்கா வீட்டில் இருந்தேன். அவள் மகள் ஜோகூர் பாருவில் தொழிற்சாலை விடுதியில் இருந்தாள். பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கிவிட்டது, வந்து கூட்டிப் போங்கள் என்று போனில் அழுதாள்.

அக்காவின் கணவர் அசையவில்லை. "ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சிக்கட்டும் லா. கஷ்டப்பட்டாத்தான் உறுதி வரும். உன் தம்பியையே பாரு."

அக்கா சிரித்துவிட்டாள். "இவனா? இவன் ஒரு எடத்துல நெலையா இருந்து பார்த்திருக்கீங்களா? கூடையைப் பாதிக்கு மேல நான் ரொப்பினதே இல்ல. பூட்ஸும் இவன் கால்லதான் இருந்துச்சு."

பாதிக்கூடை. அதுதான் முழுப் பாரம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"சரி, உன்னையே எடுத்துக்க. நீ தாங்கலையா?" என்றார் அவர்.

அவள் கைலியை முழங்கால்வரை தூக்கினாள். கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் வெள்ளை வெள்ளையாகக் கீறல் தழும்புகள். "தாங்குனேன். இவ தாங்குவான்னு பார்த்துட்டுத்தான் எல்லாரும் என் தலையிலயே வச்சாங்க. எங்கம்மா நோவு, உங்கம்மா படுக்கை, இவன் சோறு. என் மகளுக்கு அந்தப் பேரு வேணாம்." என் பக்கம் திரும்பினாள். "என்னடா பார்க்கிற? காடிச் சாவியை எடு, போய்க் கூட்டிட்டு வருவோம்."

விடுதி வாசலில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பக்கத்துப் புல்வெளி வழியாகத்தான் போகவேண்டும். இடுப்பளவு லாலான் புல். என் காலில் வேலையிடத்துப் பூட்ஸ். இன்றைக்காவது நான் முன்னால் நடக்கிறேன் என்று இறங்கினேன். நாலு எட்டு வைத்து, எங்கே பள்ளம் என்று தயங்கி நின்றேன். அதற்குள் அக்கா கைலியைச் செருகிக்கொண்டு, செலிப்பரோடு, என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவள் விலக்கிவிட்ட புல் மூடுவதற்குள் நான் பின்னால் நடந்தேன்.