குமிழ் இலையில் பிடித்த வண்டு

புஜ்ஜி, நீ போயிட்ட சேதியைக்கூட நித்யாதான் எனக்குச் சொன்னாள். ஊரப்பாக்கத்திலிருந்து காலையில் போன். "டீச்சர் தவறிட்டாங்கக்கா" என்றாள். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் உன்னோட ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தவள் நான். கடைசியில் உன் பக்கத்தில் இருந்தது அவள்.

இதைப் படிக்கிற உங்களுக்கெல்லாம் புஜ்ஜி காலேஜ் டீச்சர். இலை தின்னும் வண்டுகளை இனம் பிரித்து, எது எந்த ஊரில் இருக்குதென்று எழுதி வைத்தவள். ஞாயிற்றுக்கிழமையானால் கருங்குழிக்கு வந்து, "செல்வி, வாடி, உன் கண்ணு வேணும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். மாமல்லபுரத்து மணலில் அடம்பங்கொடியைப் புரட்டி, பொன்னாட்டம் மின்னுகிற வண்டை எடுத்துக் காட்டினேன். "செத்தா இந்தப் பொன்னு போயிடும்டி. உசிரோட இருக்கச்சேயே நிறத்தை எழுதிக்கணும்" என்றாள். ஒவ்வொரு வண்டுக்கும் கீழே ஒரு சீட்டு குத்துவாள்: ஊர், செடி, தேதி, பிடித்தவர் பேர். அப்போதெல்லாம் என் பேர்தான்.

அப்புறம் நித்யா அவளிடம் படிக்க வந்தாள். சீட்டுகளில் அவள் பேர் ஏறியது. ஒரு ஞாயிறு என்னை விட்டுவிட்டு ரெண்டு பேருமாகக் கடலோரம் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் கொல்லையோரக் குமிழ் மரத்தில் நீல முதுகு வண்டு ஒன்று இருந்தது. குப்பியில் பிடித்துப் போட்டு, மறுவாரம் நித்யா எதிரிலேயே நீட்டினேன்.

"மாமல்லபுரத்துல பிடிச்சேன். நானே பஸ் ஏறிப் போனேன்."

"நாங்க அங்கெல்லாம் தேடினோமேக்கா!" என்றாள் நித்யா.

"தேடறதுக்குக் கண்ணு வேணும்மா."

"இன்னா செடில இருந்துச்சு?" என்றாள் புஜ்ஜி.

"அடம்பங்கொடில."

புஜ்ஜி குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செல்வியை அடிச்சிக்க ஆளே இல்ல" என்று சிரித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

அங்கே இல்லாத வண்டை இருக்குதென்று எழுத வைத்துவிட்டேனே என்று அப்புறம் உறுத்தியது. அவளுடைய இத்தனை வருஷத்து வேலையில் என்னால் ஒரு பொய். சொன்னால் நித்யா முன்னால் தலை குனியணும். சொல்லவில்லை. இப்போது எல்லார் எதிரிலும் சொல்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் நித்யா வண்டுப் பெட்டிகளைத் திறந்தாள். நீல முதுகு வண்டின் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கருங்குழி. குமிழ் இலை. பிடித்தவர் செல்வி.

வண்டு தின்ற இலையையும் கூடவே போடணும் என்று நீ என்னைப் பழக்கியிருந்தாய், புஜ்ஜி. பொய் சொல்வதற்கென்றே பிடித்த அன்றும் எங்கள் கொல்லைக் குமிழ் இலையைக் கிள்ளிக் குப்பியில் போட்டிருக்கிறேன்.

வண்டையும் சீட்டையும் பிரிக்கக் கூடாதென்பாய். அதனால் பெட்டியெல்லாம் காலேஜுக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு கிடந்த அந்தக் காலிக் குப்பியை மட்டும் வாங்கி வந்தேன். நித்யாவும் சீட்டைப் படித்தாள். என்னை ஒன்றுமே கேட்கவில்லை. ஏன்டி, அவகிட்ட சொல்லிட்டியா, இல்ல நம்ம ரெண்டு பேருக்குள்ளயே வச்சிக்கினியா?