ஹோம் என்றால் ஊர்

அப்பாவின் கறுப்புக் கோட்டு என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய மனிதருக்கு அது கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமான உடுப்பு. அவை தவிர, ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டு போனார். அது இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுக் கொடுத்தவர்களை விசாரித்த நாள்.

அப்போது நான் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. நாலு வரி இங்கிலீஷ் தெரிந்த தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. மொழிபெயர்ப்பவர் வாயைத் திறக்குமுன் அப்பாவே பதில் சொன்னால் மதிப்புக் கூடும் என்று நானாக முடிவுகட்டி, ஒரு வாரம் அவருக்குப் பாடம் நடத்தினேன். நேம் என்றால் பேர், ஒர்க் என்றால் வேலை.

“ஹோமுன்னா என்னம்மா?”

“ஊருப்பா. எந்த ஊருன்னு கேக்குறாங்கன்னு அர்த்தம்.”

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரிடம் ஊர் கேட்டாலும் பிறந்த தோட்டத்தைச் சொல்லமாட்டார்கள். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் பாட்டன் கிளம்பி வந்த ஊரைத்தான் சொல்வார்கள். பெண் பார்க்கப் போனாலும் முதல் கேள்வி அதுதான். அப்பா பிறந்தது எங்கள் லயத்துக் கடைசிக் காம்பிரா அறையில். கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அதிகாரி இங்கிலீஷில் ‘ஹோம்’ எது என்று கேட்டதும், கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, “முசிறிப் பக்கங்க ஐயா” என்றார் கணீரென்று. பின்னால் நின்ற நான் பூரித்துப்போனேன். அதிகாரி எழுதிக்கொண்டார். இந்த நாட்டில் நிலையாக வாழும் எண்ணம் இல்லாதவர் என்று மறுத்துக் கடிதம் வந்தபோதுதான் நான் நடத்திய பாடம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று புரிந்தது.

அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஊரக் கேட்டாரு, சொன்னேன். பொய்யா சொல்ல முடியும்?” என்றார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில் தடித்த அகராதி ஒன்றில் அந்தச் சொல்லைத் தேடினேன். பழைய இங்கிலீஷில் அது ‘ஹாம்’. கிராமம், மக்கள் கூடிக் குடியிருக்கும் இடம் என்று பொருள். இங்கிலாந்தில் எத்தனையோ ஊர்ப்பெயர்களின் வாலில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். ஊர் என்று நான் சொன்னது தப்பில்லை. குடியிருக்கும் ஊர், நம் அடுப்பு எரிகிற ஊர் என்று சொல்லாமல் விட்டேனே, அந்தப் பாவம் என்னுடையது.

அண்ணனுக்கும் உரிமை கிடைக்கவில்லை. அவன் குடும்பத்தோடு அப்பாவும் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அதற்குள் எனக்குக் கல்யாணமாகியிருந்தது; கணவருக்குப் பிரஜாவுரிமை இருந்ததால் நான் தங்கினேன். “அங்க வெயிலாம், கோட்டு எதுக்கு?” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு மாதம் கழித்து முசிறிப் பக்கமிருந்து, அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதம் வந்தது.

“இங்க எல்லாரும் எந்த ஊருன்னு கேக்குறாங்க. நோட்டன் பிரிட்ஜுன்னு சொல்றேன். கோட்டப் பூச்சி அரிக்காமப் பாத்துக்கம்மா. ஊருக்கு வந்தா குளிருக்கு வேணும்.”

அவர் வரவேயில்லை. மழை விட்ட நாளில் கோட்டை எடுத்து உதறி, வெயில் காட்டி, மறுபடி ஆணியில் மாட்டுகிறேன்.