மைனஸ் இருபதில் வாசலில் விட்ட பூட்ஸ்

பனியைக் காட்டுகிறேன் என்று ஆள் சேர்க்கிற தொழில் என்னுடையது. பனியாவது சில நாள் சொன்ன பேச்சுக் கேட்கும், வந்த ஆட்கள் கேட்க மாட்டார்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஜனங்களை நார்வேயின் வடகோடிக்கு அழைத்துப் போய், போன மாதிரியே திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வாழ்க்கையில் ஒரு முறையாவது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கோயில் வேனில் போயிருந்தீர்களானால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

சம்மதம்

தனபால் ஐயாவுக்கு ஓமந்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லை, வெளியூர்க்காரர்களுக்கு நிலக்கடலை. சர்க்கரை வியாதி, பாதத்தில் உணர்ச்சி கிடையாது. இடது காலில் சுண்டுவிரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. பனி பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆனால் தினமும் சாயங்காலம் யாராவது இரண்டு பாதத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும், காயம் பட்டால் அவருக்கே தெரியாது, இன்னொரு காயம் சீழ் பிடித்தால் விரலோடு நிற்காது என்றும் சொல்லி அனுப்பினார்.

யார் பார்ப்பது என்று எங்கள் திண்டிவனம் ஆபீஸில் பேச்சு வந்தது. கூடவே பயணம் வரவிருந்த அவர் மனைவி ராஜகுமாரி அம்மா, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "விரல் போனதுலேருந்து அந்தக் காலைப் பாத்தாலே எனக்கு மயக்கம் வருதும்மா. அவரு காலு உங்க பொறுப்பு. ஒத்துக்கினீங்கன்னா சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்." ஒத்துக்கொண்டேன்; அங்கே தினமும் சாயங்காலம் நான் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும்போது, அந்த அம்மா தள்ளி நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கூடாரம்

ஜனவரி. மான் மேய்ப்பவர்களின் கூடாரத்தில் சூப் குடிப்பது அன்றைய நிகழ்ச்சி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. வண்டியில் யாரோ விட்ட கையுறையை எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள், வாசலில் பதினோரு ஜோடி பூட்ஸ் கல்யாண மண்டபம் மாதிரி வரிசையாக நிற்கிறது. உள்ளே மான் தோலில் அத்தனை பேரும் வெறும் சாக்ஸோடு சம்மணம் போட்டிருக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி லார்ஸ் வாயைப் பிளந்து நிற்கிறான்.

குளிரில் அவர் கால் விறைத்துப்போகுமே என்றுதான் நான் பயந்து உள்ளே ஓடினேன். ஆனால் தனபால் ஐயா நடுவில் எரிகிற நெருப்புப் பக்கம் காலை நீட்டியிருந்தார். சாக்ஸ் நுனியில் புகை. அவர் பாட்டுக்கு சூப் குடித்துக்கொண்டிருக்கிறார்! காலைப் பிடித்து இழுத்தேன், சூப் என் மேல் கொட்டியது. நல்ல வேளை, சாக்ஸ் மட்டும்தான் கருகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. பூட்ஸை ஏன் கழற்றினீர்கள் என்று கத்தியே விட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "கூடாரமா இருந்தாலும் ஒருத்தர் வூடுதானே மேடம். செருப்போட எப்புடி நொழையறது?"

நாய் வண்டி

மறுநாள் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டி. ஓட்டுகிறவர் பின்னால் நின்றுகொண்டு, பிரேக்கைக் காலால் மிதிக்க வேண்டும். மிதித்தோமா இல்லையா என்றே தெரியாத காலை வைத்துக்கொண்டு அவர் ஓட்டத் தயாரானார். முடியாது என்றேன். கம்பளியைச் சுற்றி முன்னால் உட்கார வைத்தோம். வண்டி காடெல்லாம் சுற்றி வந்தது. எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள், அவர் மட்டும் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. இறங்கும்போது லார்ஸிடம் தமிழிலேயே முறையிட்டார். "ஏர் ஓட்டுன காலு தம்பி இது. உர மூட்டை மாதிரி ஏத்திக்கினு வந்துட்டாங்க."

கோடை

பனிக்குக் கீழே என்ன மண் இருக்கிறது என்று பார்த்தால்தான் தூக்கம் வரும் என்று ஜூன் மாதம் மனைவியோடு மறுபடியும் கிளம்பி வந்தார். அங்கே அப்போது சூரியன் மறைவதே இல்லை. பொழுது சாய்ந்தால் வேலையை விடுகிற ஆள், பொழுது சாயாத ஊரில் எப்போது நிற்பார்? மலையேற்றப் பாதையில் மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் நடந்தார். கூடவே நடந்த எனக்குக் காய்ச்சல். அறைக்கு வந்து விழுந்ததுதான் தெரியும். அன்றைக்குப் பாதம் பார்க்கவில்லை.

கண் விழித்ததும்தான் அந்த ஞாபகம் வந்தது. எழுந்து அவர்கள் அறைக்கு ஓடினால், ராஜகுமாரி அம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து, அந்த இடது காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குதிகாலில் ஒரு கொப்புளம். மருந்து போட்டுக் கட்டியிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணும் மயக்கம் வர்லம்மா. காலுதானே."

முள்

இலையுதிர் காலத்தில் காட்டுப்பழம் பறிக்கும் பயணம். இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ராஜகுமாரி அம்மாவிடமிருந்து போன். தனபால் ஐயா கொல்லையில் வெறுங்காலோடு களை எடுத்திருக்கிறார். கருவேல முள் ஒன்று ஆழமாக ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தபோது இந்த அம்மாதான் கண்டுபிடித்திருக்கிறார். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றாராம் டாக்டர்.

அவர்கள் இருவர் பயணத்தையும் ரத்து செய்துவிட்டு, ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு, அங்கே என்ன பழம், என்ன மண்ணில் விளைகிறது என்று விசாரித்தார். விரல்களை எண்ணினேன். ஒன்பதும் இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராஜகுமாரி அம்மா டம்ளரில் மோரை நீட்டினார். "நாப்பது வருசமா இந்தக் காலுக்குத் தண்ணி ஊத்தியிருக்கறேன், கும்புட்டிருக்கறேன். திருப்பிப் பாக்க ஒங்ககிட்டதாம்மா கத்துக்கினேன்."

வானத்தில் ஆடும் பச்சை வெளிச்சம், நடுநிசிச் சூரியன் என்று நோட்டீஸ் அடித்து நான் கூட்டிப்போன ஊரில் அந்த அம்மா பார்த்து வந்தது வீட்டுக்காரர் பாதத்தை என்று சொன்னால், அடுத்த நோட்டீஸில் அதற்கு எந்தப் படம் போடுவது என்று எங்கள் முதலாளி என்னையே கேட்கிறார்.