சாமி அலமாரியில் மெழுகுக் கட்டி

காலை ஆறு இருபத்தைந்துக்கு என் மனைவி சாமி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. "இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றாள். அந்தக் குரலே போதுமாக இருந்தது.

விளக்குத் தட்டின் மேல் சின்ன பிளாஸ்டிக் சட்டம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதிலிருந்த வெள்ளை மெழுகு உருகித் தட்டில் ஓடி, ஓரத்தில் மறுபடி உறையத் தொடங்கியிருந்தது. எங்கள் மகளின் வயிற்றிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகள் அந்த மெழுகுக்குள்தான் இருந்தன.

வைத்தவன் நான். முந்தின நாள் மாலை அடையாறு பரிசோதனைக் கூடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தேன். ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு இதை வீட்டார்தான் சுமக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய தி. நகர் கூடம் மூடியிருக்கும் நேரமாகிவிட்டதால் ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டிலேயே ஓர் இரவு இருக்கட்டும் என்று நினைத்தேன். "வெயில்ல மட்டும் வெச்சிடாதீங்க சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஹால் டிக்கெட், பாஸ்போர்ட், வண்டிச் சாவி எதுவானாலும் ஒரு நாள் சாமியிடம் இருந்துவிட்டுத்தான் வெளியே போகும். உறையோடு வைத்தால் சாமிக்குத் தெரியாது என்பதுபோல, உறையைப் பிரித்துக் விளக்குத் தட்டில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதைக் கவனிக்காமல் மனைவி காலையில் விளக்கேற்றி, ஃபேன் காற்றுக்கு அணையாதிருக்க அலமாரிக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் பால் காய்ச்சப் போயிருக்கிறாள். முக்கால்வாசி மூடிய அலமாரி, பெரிய திரி. வேறென்ன ஆகும்.

மகளுக்கு இருபத்தாறு வயது. நான்கு முறை கீமோ ஏற்றியும் நோய் அசையவில்லை. ஏன் என்று கேட்டதற்கு டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வட்டங்களாக வரைந்தார். "செல்லுங்க ஒண்ணை ஒண்ணு கையைப் பிடிச்சிட்டு நிக்கும். பிடிச்சிக்கிற புரதம் ஒண்ணு இருக்கு. உங்க பொண்ணுக்கு அது போயிடுச்சுன்னு நினைக்கிறேன். கையை விட்ட செல் கட்டியா நிக்காது, தனித்தனியா நழுவிப் போகும். அப்படி நழுவினது மருந்துக்கும் லேசுல சாகாது." பிறகு வட்டங்களுக்கு நடுவில் சிறு கோடுகள் போட்டார். "இன்னொரு புரதம், தையல் மாதிரி. சேர்ந்திருக்கும்போது உள்ள மறைஞ்சிருக்கும், பிரிஞ்சா வெளிய தெரியும். அதைப் போய்ப் பிடிக்கிற மருந்து வந்திருக்கு. ஆனா அந்தப் புரதம் இவகிட்ட இருக்கணும். பழைய மெழுகுக் கட்டியைச் சாயம் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

இருந்ததே அந்த ஒரு கட்டிதான். புதிதாக எடுப்பதானால் மறுபடி எண்டோஸ்கோப்பி. முதல் தடவையே ரத்தம் நிற்க இரண்டு நாள் ஆனது. இப்போது ரத்த அணுக்கள் இன்னும் குறைவு. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். காத்திருக்க அவளிடம் வாரங்கள் இருக்கின்றனவா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சத்தம் கேட்டு மகள் எழுந்து வந்தாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா, என் வயித்தைச் சாமிக்குப் படைச்சிட்டியா?"

அவள் மட்டும்தான் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடி அந்தக் குழாயை என்னால முழுங்க முடியாதுப்பா, சொல்லிட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

தட்டிலிருந்த மெழுகைத் தோசைக்கரண்டியால் பெயர்த்து, ஒரு துளி விடாமல் டிபன் டப்பாவில் போட்டேன். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, "குலுக்காம போங்கப்பா" என்றேன்.

"இன்னா சார், முட்டையா?"

"பொண்ணோட ஆஸ்பத்திரி சாம்பிள்."

"தி. நகர் ரோட்ல குலுங்காம போவணும்னா வண்டியத் தலைல தூக்கிகினுதான் போவணும்" என்றார் டிரைவர். ஆனாலும் பள்ளம் வரும்போதெல்லாம் வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்தார்.

கூடத்தில் டெக்னீஷியன் பெண் டப்பாவைத் திறந்து பார்த்தார். "இது என்ன சார், சிவப்பா?"

"குங்குமம்."

நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் முகம் மாறவில்லை. "போன மாசம் ஒருத்தர் ஃப்ரீசர்ல மீனோட வெச்சு எடுத்துட்டு வந்தார். மெழுகு போனா பரவால்ல சார், வேற மெழுகுல வெச்சிடலாம். துணுக்கு கிடைக்கணும். கடுகு சைஸ்தானே இருக்கும்."

ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் இருந்தேன். திரும்பி வந்தவர், "ஆறு துணுக்குல மூணு கிடைச்சிருக்கு. போதுமான்னு டாக்டர்தான் சொல்லணும். நாலு நாள் கழிச்சு வாங்க" என்றார்.

அந்த நாலு நாளும் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு தடவை மட்டும், சாப்பிடும்போது, "விளக்கேத்தினது நான்தானே" என்றாள். ஊற்றிய ரசத்தை அப்படியே விட்டு எழுந்து போய்விட்டேன். அலமாரிக் கதவைத் திறந்து பார்க்கும்போதெல்லாம், காணாமல் போன மூன்று துணுக்குகள் திரியோடு எரிந்திருக்குமோ, தட்டைத் தேய்க்கும்போது குழாய்த் தண்ணீரில் போயிருக்குமோ என்றே மனம் ஓடியது. உடம்பு முழுக்க அலுப்பு. தூக்கத்தால் தீராத அலுப்பு.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணிவரை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அப்புறம் வந்தவர்கள் எல்லாம் உறையை வாங்கிக்கொண்டு போனார்கள். என்னுடையதை மட்டும் தரவில்லை என்றால் காரணம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் உள்கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்தின் பெரிய டாக்டரே வந்தார். என் வயதுப் பெண்மணி, கையில் காகிதம் எதுவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்கதானே அப்பா? சதை தாங்கிடுச்சு, ரெண்டு தடவை பார்த்தேன், அதான் லேட். கையைப் பிடிக்கிற புரதம் சுத்தமா இல்ல. அது நாங்க நினைச்சதுதான். ஆனா தையல் புரதம் இருக்கு, நல்லாவே சாயம் பிடிச்சிருக்கு. மருந்து வேலை செய்யும்னு நான் சொல்ல மாட்டேன் சார். மருந்து பிடிச்சிக்க ஒரு இடம் இருக்குன்னு மட்டும் சொல்வேன். இன்னொரு தடவை குழாய் விட வேண்டாம். அதைப் பொண்ணுகிட்ட இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்க."