கழுத்தைத் தொட்டுப் பார்த்த மனநல மருத்துவர்

பாடாங் செராயில் என்னோடு இருக்கும் அக்கா, சில மாதங்களாகச் சமைக்காமல், யாரோடும் பேசாமல் அழுதுகொண்டே இருந்தாள். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்தபடி, பக்கத்து நகரமான கூலிமில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

அவர் அக்காவிடம் பொறுமையாகப் பேசினார். பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொன்னார்.

“டாக்டர், நீங்க மனசைத்தானே பார்ப்பீங்க?” என்றேன்.

“நானும் மொதல்ல எல்லா வார்டிலயும் வேலை செஞ்ச டாக்டர்தான்மா. அப்புறம்தான் மனநலம் படிச்சேன். உடம்பையும் பார்க்கணும்லா.”

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகக் குறைவாகச் சுரப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது; அக்காவின் சோர்வுக்கும் அழுகைக்கும் அதுதான் காரணம் என்றார். மாத்திரை சாப்பிட்டு அக்கா மெல்லத் தேறினாள்.

“நல்ல வேளைக்கா, மனநோய் இல்ல,” என்றேன் ஒருநாள்.

“மனநோயா இருந்திருந்தா என்னை என்ன செஞ்சிருப்ப?” என்று அக்கா கேட்டாள்.

யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பயந்து அவளை அழைத்துப் போனது நினைவுக்கு வந்தது. அந்த மருத்துவருக்கு உடம்பில் வந்தாலும் மனதில் வந்தாலும் இரண்டும் நோய்தான். எனக்குத்தான் ஒன்று அவமானமாகப் பட்டிருக்கிறது.